பின்வரிசையில் தெரிந்த கை

தேவசகாயம் பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் ஜெபிப்பார். ஜெபத்தில் அவருக்கு அழுகை வரும், கண்ணாடி நனைந்து போகும். அதனால் முதலிலேயே கழற்றிப் பிரசங்க மேஜைமேல் வைத்துவிடுவார். அது இல்லாவிட்டால் நாலு வரிசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது ஆளா மூட்டையா என்று அவருக்குத் தெரியாது.

அவர் என் தங்கை கிறிஸ்டினாவின் புருஷன். எனக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர் வேலை. நான் சி.எஸ்.ஐ. எங்கள் கோயிலில் சரியான நேரத்துக்கு ஆரம்பித்துச் சரியான நேரத்துக்கு முடித்து, வீட்டில் கறி கொதிக்கும்போது போய்ச் சேருவோம். தேவசகாயத்தின் ஜெப வீட்டில் ஆரம்பிக்கிற நேரம் மட்டும்தான் போர்டில் எழுதியிருக்கும். எப்போது முடியும் என்பது பரிசுத்த ஆவியானவருக்குத்தான் தெரியும்.

ஊழியத்துக்கு வருவதற்கு முன்னால் அவர் பெயர் முருகையன். வேலூருக்கு அந்தப் பக்கம் அணைக்கட்டு என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், அப்பா அம்மா இரண்டு பேரும் கூலி வேலை. பதினாறு வயதில் இங்கே வந்து தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் ஓட்டினார். ஈரத் தோலை இழுத்து இழுத்துக் கை வெந்து போகும், அந்த நாற்றத்தை மறக்கக் குடிப்பார்கள். அவரும் குடித்தார். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் தள்ளாடிக்கொண்டு நின்றபோது, மெகாஃபோன் வைத்துக்கொண்டு ஒருவர் செய்த பிரசங்கம் காதில் விழுந்ததாம். அன்றைக்கு விட்டவர்தான், இன்றுவரை தொடவில்லை. முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து தேவசகாயம் என்று பெயர் வைத்துக்கொண்டார். இந்தச் சாட்சியை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். வருஷா வருஷம் அதில் சாராயம் ஜாஸ்தியாகிக்கொண்டே போகும், மற்றபடி எல்லாம் நிஜம்.

கிறிஸ்டினா எங்கள் கோயில் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தவள். இவரைக் கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பெந்தெகொஸ்தேக்காரர்கள் நகை போடமாட்டார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் காதில் கழுத்தில் இருந்ததையெல்லாம் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தாள். எனக்கு அப்படி ஒரு கோபம். அவர்மேல் அந்தக் கோபம் முழுக்க எனக்குப் போனதே இல்லை. ஆனால் ராத்திரி எந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் ஓடுகிற மனுஷன், பொய் பேசத் தெரியாத மனுஷன். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம். பிரசங்கம் முடியும்போது பாஸ்டர் குரலை இறக்கி, "எல்லாரும் கண்ணை மூடிக்குங்க, யாரும் யாரையும் பாக்க வேணாம்" என்பார். பிறகு கர்த்தர் தனக்குக் காட்டுவதைச் சொல்வார். வயிற்று வலியோடு ஒருவர் வந்திருக்கிறீர்கள், புருஷனைப் பிரிந்து ஒருவர் வந்திருக்கிறீர்கள், கையை உயர்த்துங்கள். கை உயரும். "கர்த்தர் பாத்துட்டாரு, கையை இறக்குங்க" என்பார். ஆசீர்வாதம் முடிந்ததும் கை தூக்கியவர்கள் தாங்களாகவே முன்னால் வருவார்கள், தனியாக ஜெபிப்பார். அத்தனை பேர் கூடினால் ஒருவருக்காவது வயிறு வலிக்காதா என்று நான் சீண்டுவதுண்டு. அவர் கோபப்படமாட்டார். "காட்டாம நான் சொல்லமாட்டேன் மச்சான்" என்று மட்டும் சொல்வார்.

போன ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தங்கை வீட்டில் சாப்பாடு என்று போயிருந்தேன். ஆராதனை முடியாததால், வீட்டை ஒட்டியே இருக்கும் ஜெப வீட்டு வாசலில் செருப்புகளுக்குக் காவல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவர் குரல் இறங்கியது.

"இங்க ஒரு ஆத்துமா, இனிமே இருந்து இன்னா பிரயோஜனம், செத்துப் போயிடலாம்னு முடிவு பண்ணிட்டு வந்திருக்குது. கர்த்தர் உன்னைப் பாக்குறாரு. கையை உயர்த்தும்மா."

ஃபேன் ஓடுவது மட்டும் கேட்டது. பிறகு, "கர்த்தர் பாத்துட்டாரு, கையை இறக்கும்மா" என்றார்.

ஆராதனை முடிந்தது. சளிக்கு ஜெபிக்க ஒருவர் வந்தார், பரீட்சைக்கு ஜெபிக்க ஒருவர் வந்தார். கை தூக்கிய ஆள் வரவில்லை. தேவசகாயம் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஜனங்கள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு கலைந்தார்கள். எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"மச்சான், பொம்பளைங்க பக்கம், கடைசி வரிசை, கதவோரம். ஒரு கை. கண்ணாடி இல்ல, ஆள் யாருன்னு தெர்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. அத்தனை பேரையும் கண்ணை மூடச் சொல்லியாகிவிட்டது. திறந்திருக்க உரிமை உள்ள ஒரே கண் இவருடையது, அதுவும் கண்ணாடி இல்லாத கண். இப்படி ஒரு முட்டாள்தனம் இவர்கள் சபையில்தான் நடக்கும்.

"வருவாங்க மாப்ளே. வெட்கப்பட்டுப் போயிருப்பாங்க."

"சாவறேன்னு சொன்ன ஆள் மச்சான். வர்ற ஞாயித்துக்கெழம வரைக்கும் காத்துட்டு இருக்கச் சொல்றியா?"

அவருடைய ஸ்கூட்டர் ஒர்க் ஷாப்பில் கிடந்தது. என் பைக்கில் ஏறிக்கொண்டார். கிறிஸ்டினா சமையலறை வாசலில் வந்து நின்றாள். "சாப்ட்டுப் போங்களேன், எல்லாம் ரெடியா இருக்குது" என்றாள். "வந்து சாப்பிடறோம்" என்று அவர் திரும்பிப் பார்க்காமல் சொன்னார். அடுத்த வீடு அப்துல் கஃபார் வீடு. ஜெப வீட்டு இடமும் அவருடையதுதான். அவர் மனைவி அஃப்ஸர் ஜஹான் கேட்டுக்கு வந்து, "பாஸ்டரம்மாவுக்கு உடம்பு சரியில்லையா? வெளியவே காணோமே" என்று கேட்டார். "நல்லா இருக்கா, உள்ளதான் இருக்கா" என்று தேவசகாயம் சொல்லிவிட்டு என் தோளைத் தட்டினார். வண்டியைக் கிளப்பினேன்.

கடைசி வரிசையில் யார் உட்கார்வார்கள் என்று வழியெல்லாம் யோசித்தார். லேட்டாக வருகிறவர்கள், கைக்குழந்தைக்காரிகள், கால் மடக்க முடியாதவர்கள். முதலில் கண்ணம்மாள் வீடு. முழங்கால் வலிக்காகக் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்கிற அம்மா. கணவர் போன பிறகு தனியாக இருக்கிறவர். போன வேகத்தில் தேவசகாயம் நேராகவே கேட்டுவிட்டார், மனசு எப்படி இருக்கிறது, ஏதாவது தப்பான எண்ணம் வருகிறதா என்று.

கண்ணம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நான் எதுக்கு பாஸ்டர் சாவணும்? எம் மருமவ சாவட்டும்" என்றார்.

அப்புறம் முழங்காலுக்கு ஒரு ஜெபம் பண்ணச் சொன்னார். தேவசகாயம் ஜெபித்தார், ஆனால் அவர் ஜெபத்தில் அவ்வளவு அவசரத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆமென் சொல்லும்போதே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்தது கைக்குழந்தைக்காரி ஒருத்தி. குழந்தை அழுகிறது என்று பாதியிலேயே கிளம்பிவிட்டாளாம், அந்த நேரத்தில் அங்கே இல்லவே இல்லை. ஆனால் போகும்போது தன் இடத்தில் தமிழினி வந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறாள்.

தமிழினி என்றதும் அவர் திரும்பி வண்டிக்கு நடந்தார். எனக்கும் அந்தப் பெண்ணைத் தெரியும். ஷூ கம்பெனியில் தையல் லைனில் செக்கர். எங்கள் கம்பெனி இல்லை, பக்கத்துக் கம்பெனி. வெளிநாட்டு ஆர்டர் நின்று அங்கே ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். புருஷன் செந்தில்குமார் லாரி டிரைவர், வாரத்தில் பாதி நாள் ரோட்டில் இருப்பான்.

வீட்டில் பூட்டுத் தொங்கியது. போன் அடித்தோம், மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தோம், ஸ்விட்ச் ஆஃப். நான் பயந்துபோய் ஜன்னலைத் தட்டிப் பார்த்தேன். சும்மா வேடிக்கை பார்க்க வந்தவன் நான், எனக்கே அப்படி என்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? அடுத்த வீட்டுக்காரப் பையன், "அக்கா அம்மா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு பஸ் ஏறப் போச்சு" என்றான். "கையில பை இருந்துச்சா?" என்று தேவசகாயம் கேட்டார். பை எதுவும் இல்லையாம். அம்மா வீட்டுக்குப் போகிறவள் வெறுங்கையோடு போவாளா?

அம்மா வீடு ஒடுகத்தூர்ப் பக்கம். ஹைவேயில் மாதனூர் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். அந்தச் சாலையில் நான் அந்த வேகத்தில் வண்டி ஓட்டியதில்லை, இனிமேலும் ஓட்டமாட்டேன். பின்னால் அவர், பரிசுத்த ஆவி பேசவைக்கிற அந்நிய பாஷையில் ஜெபித்துக்கொண்டே வந்தார். மற்ற நாளாயிருந்தால், கொஞ்சம் தமிழில் ஜெபிங்க, எனக்கும் புரியட்டும் என்று கிண்டல் பண்ணியிருப்பேன். எதிரே ஒரு ஆம்புலன்ஸ் கத்திக்கொண்டு போனது. ஜெபம் சட்டென்று நின்றது. "மச்சான், இது எங்கேர்ந்து வருது?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? பதில் சொல்லாமல் இன்னும் முறுக்கினேன்.

"அவ கைய தூக்கிட்டா மச்சான். கேட்டதுக்கு பதில் சொல்லிட்டா. நான்தான் விட்டுட்டேன்."

"பேசாம வாங்க மாப்ளே. விழுந்துடப் போறோம்."

தமிழினி தன் அம்மா வீட்டு வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. தேவசகாயம் வண்டி நிற்கும் முன்பே குதித்து, தடுமாறி, மண்ணில் முட்டி போட்டு விழுந்தார். அப்படியே அழுதார். ஒரு பாஸ்டர் தன் எதிரில் மண்ணில் கிடந்து அழுவதைப் பார்த்தால் எந்தப் பெண்ணால் மறைக்க முடியும்?

"என் கைதான் பாஸ்டர்" என்றாள்.

வேலை போய்விட்டது. புருஷனிடம் சொல்லவில்லை. தினமும் காலையில் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பி, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறாள். மாமியார் வீட்டில் அவளுக்கு இருந்த மரியாதையெல்லாம் அந்த வேலையால் வந்தது. அது தெரிந்துவிட்டால் எப்படி முகத்தில் முழிப்பது என்று யோசித்து யோசித்து, எல்லாம் வெறுத்துப் போய்விட்டது. எதற்கும் அம்மாவை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வந்திருக்கிறாள். அந்த 'எதற்கும்' என்ற வார்த்தையைக் கேட்டு எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அவள் அம்மா ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டு தலையில் நாலு அடி அடித்தாள், பிறகு முத்தம் கொடுத்தாள். தேவசகாயம் செந்தில்குமாருக்குப் போன் போட்டார். ஓசூர்ப் பக்கம் லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். அவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு ஸ்பீக்கரில் போட்டார். "இதுக்காடி இவ்ளோ பேஜார்? வேல போனா போவட்டும், நீ எங்கயும் போவாத, நான் வர்றேன்" என்றான் அவன். அவன் வரும்வரை அம்மா அவளைத் தனியாக விடமாட்டேன் என்றாள். தேவசகாயம் சாப்பிடாமல் கிளம்பக்கூடாது என்று சோறு போட்டார்கள்.

திரும்பி வரும்போது அவர் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். எனக்கும் மனசு லேசாகிவிட்டது. "கண்ணாடிக்கு ஒரு கயிறு கட்டி கழுத்துல மாட்டிக்குங்க மாப்ளே" என்றேன். சிரித்தார். காணாமல் போன ஆட்டைக் கண்டுபிடித்த மேய்ப்பனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது என்றார்.

வீட்டுக்குள் நுழையும்போதே, "கிறிஸ்டி, கர்த்தர் காட்டிக் குடுத்துட்டாரு!" என்றார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். கடைசி வரிசையில் கை தெரிந்த இடத்தில் அவரே கையைத் தூக்கி நடித்துக் காட்டினார். கிறிஸ்டினா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானம் ஆக்கிய சோறு மூடி வைத்தபடி இருந்தது. அவள் தட்டு கவிழ்த்தபடியே கிடந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

"நல்லதுங்க. அந்தப் பொண்ணு பொழச்சிச்சி" என்றாள். பிறகு, "முன்வரிசைய நீங்க பாக்கவே இல்லையா?" என்று கேட்டாள்.

"முன்வரிசையில யாரு?" என்றார்.

"நானும் கைய தூக்கினேன்."

அவர் சிரிக்கப் போனார். பாதிச் சிரிப்பில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார். கண்ணாடியே தேவைப்படாத தூரம் அது. மேஜையிலிருந்து கை நீட்டினால் தொடலாம், அங்கேதான் பாஸ்டரம்மாவின் இடம். முதல் பாட்டை எடுத்துக் கொடுக்கிறவள், எல்லாரும் அழும்போது தண்ணீர் மொண்டு கொடுக்கிறவள். அவள் கை தூக்குவாள் என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

"எப்பலேர்ந்து?" என்றார்.

"ஞாபகம் இல்லங்க. போன வருஷமும் ஒருவாட்டி தூக்கினேன். கர்த்தர் பாத்துட்டாரு, இறக்குங்கன்னீங்க. இறக்கிட்டேன்."

எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. கை கூட எழுந்தது என்று நினைக்கிறேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது அறைவதற்கு அதில் எதுவும் மிச்சம் இல்லை. இன்னா காரணம், யார் இன்னா சொன்னாங்க என்று நான்தான் கத்தினேன். காரணம் ஒன்றும் இல்லை என்றாள். தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, மகள் கல்யாணமாகி பெங்களூர் போன பிறகு இன்னும் ஜாஸ்தி. வாரா வாரம் அத்தனை பெண்களும் அவளிடம்தான் சமையலறையில் வந்து அழுவார்கள். அவள் போய் அழ ஓர் இடம் இல்லை. பாஸ்டரம்மாவுக்கே இப்படி என்றால் விசுவாசிகள் இன்னா நினைப்பாங்க என்று பயந்து பயந்து இருந்திருக்கிறாள். மனச்சோர்வு சாத்தானின் வேலை என்று மேடையில் அவர் எத்தனையோ தடவை சொன்னதை நானே வாசலில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

தேவசகாயம் பழக்க தோஷத்தில் அவள் தலைமேல் கை வைத்து, "பிதாவே" என்று ஆரம்பித்தார். அவள் அந்தக் கையை மெதுவாக எடுத்துக் கீழே வைத்தாள்.

"அப்பறம் ஜெபிங்க. கொஞ்ச நேரம் என்கூட உக்காருங்க."

உட்கார்ந்தார். அன்று ராத்திரி நான் வீட்டுக்குப் போகவில்லை. அவரும் தூங்கவில்லை, அவள் புரண்டு படுத்தால் கூட, "கிறிஸ்டி, கிறிஸ்டி" என்று எழுப்பிப் பார்த்தார். ஒரு தடவை அவளே, "இருக்கேங்க, தூங்குங்க" என்று சொன்னாள்.

விடிந்ததும் வேலூருக்கு பஸ் ஏறினோம். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் இருக்கும் கட்டிடத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். நோயாளிகளுக்கு ஜெபிக்க அந்த ஆஸ்பத்திரிக்கு அவர் போகாத வாரம் கிடையாது, வாட்ச்மேன் வரைக்கும் ஆளைத் தெரியும். அந்தப் பக்கமாகப் போன ஒரு விசுவாசி அம்மா நின்று, "ஸ்தோத்திரம் பாஸ்டர், யாருக்கு ஜெபிக்க வந்தீங்க?" என்று கேட்டார். கிறிஸ்டினா தலையைக் குனிந்துகொண்டாள். ஆமாம், ஜெபிக்கத்தான் என்று சொல்லியிருந்தால் முடிந்தது, அந்த அம்மா போயிருப்பார். இவர் சொல்லிவிடப் போகிறார் என்றும் பயந்தேன், சொல்லாமல் விட்டுவிடுவாரோ என்றும் பயந்தேன்.

"இல்லம்மா. எங்க வீட்டம்மாவுக்குத்தான் மனசு சரியில்ல. டாக்டரைப் பாக்க வந்திருக்கோம்" என்றார்.

அந்த அம்மா போவதா இருப்பதா என்று நின்றார். பிறகு கிறிஸ்டினாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எங்கள் டோக்கன் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். கிறிஸ்டினாவிடம் நிறையக் கேட்டார், பொறுமையாகக் கேட்டார். கடைசியில் தேவசகாயத்தின் பக்கம் திரும்பினார்.

"எத்தனை வருஷமா சேர்ந்து இருக்கீங்க?"

"இருபத்தாறு."

"இவங்க இப்படி இருக்காங்கன்னு நீங்க எப்ப கவனிச்சீங்க?"

பிரசங்கத்துக்கு நின்றால் மூன்று மணி நேரம் மூச்சு விடாமல் பேசுகிற மனுஷன். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நேத்து சாயங்காலம்" என்றார்.